பெயரைச் சம்பாதிப்பதும் பெயரை விற்பதும்

(வேலை தேடும் வாலிபர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேசவேண்டிய விஷயமாக எனக்குக் குறித்துக் கொடுக்கப்பட்டிருப்பது, உத்தியோகத்தில் முன்னேற விரும்புகிற ஒருவன் தனக்கென்று ஒரு பெயரை, ஒரு முத்திரையை உண்டாக்கிக் கொள்ள வேண்டுமா, வேண்டுமானால் அது எப்படி என்பதாகும். இதற்கு இங்கிலீஷில் ‘பர்சனல் பிராண்டிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைக் கற்றுக் கொடுப்பதாகச் சொல்லிப் பணம் வாங்குகிற வகுப்புகளும் இப்போது ஏற்பட்டுவிட்டன. ஜோசியனிடம் ஜாதகத்தைக் கொண்டுபோய், “எனக்கு உத்தியோகம் எப்போது கிடைக்கும்?” என்று கேட்டுத் தட்சணை வைத்தவனுடைய பேரன், இன்று இந்த வகுப்புக்காரரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டு அதைவிட அதிகமாக வைத்துவிட்டு வருகிறான். (சிரிப்பு). ஜோசியன் ஒன்பது கிரகம் என்றான். இவர் ஏழு ரகசியம் என்கிறார். பேரன் காலத்தில் இரண்டு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். (சிரிப்பு).

ஆனால் இதைச் சிரித்துத் தள்ளிவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. ஏனென்றால், உங்களில் பலர் உங்கள் குடும்பத்திலேயே முதல் முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள். உங்களுக்காகச் சொல்ல எந்த மாமாவும் எந்த ஆபீசிலும் உட்கார்ந்திருக்கவில்லை. உங்களைப் பற்றி நீங்களே வாய் திறந்து சொன்னாலல்லாது, சொல்லுவதற்கு வேறு ஆள் கிடையாது. ஆகையால் இந்த விஷயம் உங்களுக்கு வயிற்றுப் பாட்டுக்குச் சம்பந்தப்பட்ட விஷயம்.

நம்மவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம் என்ன? “நிறைகுடம் தளும்பாது, தன்னைத் தானே புகழ்ந்து கொள்ளாதே, அடக்கமாயிரு” என்பதாகும். அடக்கம் நல்ல குணந்தான். யார் யாரைப் பார்த்து இதைச் சொன்னார்கள் என்று மாத்திரம் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதே பெயருக்குப் பின்னால் ஒரு பட்டத்தையும் சேர்த்து வைத்துக் கொண்டவன் தன்னைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? அவனுடைய பெயரே அவனுக்காகப் பேசிக்கொண்டு முன்னால் போகிறது. அவன் அடக்கமாய் இருப்பதால் அவனுக்கு ஒரு நஷ்டமுமில்லை, “எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு எளிமை!” என்ற லாபந்தான் உண்டு. பட்டமில்லாதவன் அடக்கமாய் இருந்தால், அவன் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகிறது. ஒரே உபதேசம் ஒருவனுக்கு அலங்காரமாகவும், மற்றவனுக்கு வாய்ப்பூட்டாகவும் ஆகிவிடுகிறது.

நிற்க, ‘பிராண்டு’ என்கிற இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆதியில் அதற்குப் பொருள் தீ, கொள்ளிக்கட்டை, சூடு என்பதே. மாடு யாருடையது என்று தெரிவதற்காக இரும்பைக் காய்ச்சி அதன் தொடையில் வைத்த சூட்டுக்குப் பெயர்தான் பிராண்டு. அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் மாட்டுக்கு மாத்திரமா வைத்தார்கள்? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போன மனிதர்களுக்கும் வைத்தார்கள். பிறகு அது சரக்குப் பெட்டிகளின்மேல் போடும் குறியாயிற்று. 1875இல் இங்கிலாந்தில் வியாபாரக் குறிகளைப் பதிவு செய்யச் சட்டம் செய்தார்கள். 1876 ஜனவரி முதல் தேதியில் முதலாவதாகப் பதிவானது ஒரு பீர்க் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். பிறகு சோப்புக்கும் தேயிலைக்கும் வந்தது. கடைசியில் இப்போது மறுபடியும் மனிதனிடத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. முன்பு எஜமான் சூடு வைத்தான்; இப்போது நாமே இரும்பைக் காய்ச்சிக் கொள்ளுகிறோம் என்றுகூட ஒருவர் கேலி செய்யலாம். இந்தக் கேலியில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில், இதைச் சாமர்த்தியமாகச் செய்து முன்னுக்கு வந்த ஒருவருடைய கதையைப் பார்ப்போம். பெஞ்சமின் ஃபிராங்ளின் என்பவர் 1706இல் பாஸ்டன் நகரத்தில் மெழுகுவர்த்தி காய்ச்சும் ஒருவருடைய பதினைந்தாவது பிள்ளையாகப் பிறந்தவர். 1723இல், பதினேழாவது வயதில், கையில் சில்லறையோடு பிலடெல்பியாவுக்கு ஓடிவந்தார். 1728இல் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து சொந்தமாக அச்சுக்கூடம் போட்டார். ஊரில் ஏற்கெனவே இரண்டு அச்சுக்கூடங்கள் இருந்தபடியால், மூன்றாவது நிச்சயம் மூடிப்போகும் என்று வியாபாரிகள் கூடும் ஒரு சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஆனால் பேர்டு என்கிற ஒரு வைத்தியர் மாத்திரம், “நான் இரவில் சங்கத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போதும் அந்தப் பையன் வேலை செய்துகொண்டிருக்கிறான், காலையில் அக்கம் பக்கத்தார் படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறான்” என்கிற பொருளில் சொன்னாராம். அதைக் கேட்ட வியாபாரிகளில் ஒருவர் கொஞ்ச நாளில் வந்து, கடைக்கு வேண்டிய காகித சாமான்களைக் கடனாகத் தருவதாகச் சொன்னாராம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃபிராங்ளின் தமது சுயசரிதையில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். உண்மையில் உழைப்பாளியாகவும் செட்டாகவும் இருந்தது மாத்திரமல்லாமல், அதற்கு மாறாகத் தோன்றக்கூடிய எதையும் செய்யாமலும் பார்த்துக்கொண்டாராம். சாதாரண உடை உடுத்தினார். வேடிக்கை விளையாட்டு நடக்கும் இடங்களில் தலைகாட்டவில்லை. கடையில் வாங்கிய காகிதத்தைச் சில சமயம் தாமே ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து, நாலு பேர் பார்க்கும் தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். கூலிக்கு ஆள் கிடைக்காமலா? தன் தொழிலுக்குத் தான் மேற்பட்டவனல்ல என்பதை ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காக!

“அப்படியானால் இது வேஷந்தானே?” என்று நீங்கள் கேட்பீர்கள். தோழர்களே! வண்டியில் காகிதம் இல்லாமல் வெறும் வண்டியைத் தள்ளியிருந்தால் அது வேஷம். உள்ளே அச்சு ஓடாமல் விளக்கை மாத்திரம் ஏற்றி வைத்திருந்தால் அது புரட்டு. காகிதமும் இருந்தது, அச்சும் ஓடிற்று. நடந்த வேலையை நாலு பேர் கண்ணில் படும்படி செய்தார், அவ்வளவே. அந்த நாலு பேரில் ஒருவர் கடன் கொடுக்கிறவராக இருந்தார். 1748இல், நாற்பத்திரண்டாவது வயதில், தொழிலிலிருந்து ஓய்வு எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பாதித்துவிட்டார்.

(ஃபிராங்ளினைப் பெரிய மகாத்மாவாக நான் சொல்ல வரவில்லை. அவர் பத்திரிகையிலேயே அடிமைகள் விற்பனைக்கு என்று விளம்பரம் வெளியாகி, அதற்கும் காசு வாங்கியிருக்கிறார். தாமும் அடிமைகளை வைத்திருந்தார். 1787இல்தான் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவராக வந்தார். பெயர் நன்றாக இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பதெல்லாம் நன்றாயிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு அவரே ஒரு அத்தாட்சி).

ஃபிராங்ளின் கதையில் ஒரு சௌகரியம் உண்டு. அவர் வெள்ளைக்காரர். வண்டி தள்ளினால், “உழைப்பாளி” என்றார்கள். அதே தெருவில் ஒரு கறுப்பு மனிதர் அதே வண்டியைத் தள்ளியிருந்தால், “யாருடைய அடிமை?” என்று கேட்டிருப்பார்கள். ஆகவே நமக்கு அதிகமாகப் பொருந்துகிற கதை ஃபிரெடரிக் டக்ளஸ் என்பவருடையது.

இவர் 1818 வாக்கில் அமெரிக்காவில் மேரிலாந்து நாட்டில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். பிறந்த தேதிகூட அவருக்குத் தெரியாது.  பிறந்தபோது வைத்த பெயர் பெய்லி. 1838இல் தப்பி ஓடி வடக்கே வந்து, பிடிபடாமலிருக்கப் பெயரை மாற்றி டக்ளஸ் என்று வைத்துக்கொண்டார். 1841 முதல் அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் பேசத் தொடங்கினார்.

இவரைக் கூட்டிக்கொண்டு போன வெள்ளைக்கார நண்பர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் இவருக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? “நடந்த சங்கதியை மாத்திரம் நீர் சொல்லும், தத்துவத்தை நாங்கள் பார்த்துக் கொள்ளுகிறோம். பேச்சிலும் கொஞ்சம் தோட்டத்து அடிமைப் பேச்சு கலந்திருந்தால் நல்லது, இவ்வளவு தெளிவாய்ப் பேசினால் நீர் அடிமையாயிருந்தவர் என்று யாரும் நம்பமாட்டார்கள்” என்பதாகும். அதாவது, இவருக்கு ஒரு முத்திரையை அவர்களே தயார் செய்து வைத்திருந்தார்கள்! பரிதாபப்படத்தக்க அடிமை என்கிற முத்திரை. அதில் இவர் நின்றால் கைதட்டுவார்கள். அதைத் தாண்டி, சிந்திக்கிற மனிதனாக நின்றால் சந்தேகப்படுவார்கள்.

டக்ளஸ் என்ன செய்தார்? பேச்சைக் குறைக்கவில்லை. சந்தேகப்பட்டவர்களுக்குப் பதிலாக, 1845இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி அச்சிட்டார். எந்த ஊர், எந்த எஜமான், யார் அடித்தது என்று பெயர் பெயராக எழுதினார். பழைய எஜமான் பிடித்துக்கொண்டு போகும் ஆபத்து இருந்தபடியால், உடனே கடல் கடந்து அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட வேண்டியதாயிற்று. அங்குள்ள நண்பர்கள் பணம் சேர்த்து 1846இல் அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கிக் கொடுத்தார்கள். திரும்பி வந்து 1847இல் சொந்தப் பத்திரிகை ஆரம்பித்தார். பிறர் நடத்துகிற மேடையில் நின்றால் பிறர் போடுகிற வேஷந்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் செய்தார். அக்காலத்தில் போட்டோப் படம் புதிதாக வந்திருந்தது. பத்திரிகைச் சித்திரங்களில் கறுப்பு மனிதர்களைப் பல்லை இளித்துக்கொண்டு கூத்தாடுகிறவர்களாகவே வரைந்து வந்தார்கள். டக்ளஸ் போன போன ஊரிலெல்லாம் படம் எடுத்துக்கொண்டார்; நல்ல கோட்டுப் போட்டு, சிரிக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு! சுமார் 160 படங்கள் இன்று கிடைத்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் லிங்கனைவிட அதிகமாகப் படமெடுக்கப்பட்டவர் இவரே என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். இதை யாராவது தற்பெருமை என்று சொல்ல முடியுமா? ஊரார் ஒட்டிவைத்த ஒரு பொய் முகத்தைக் கிழித்துவிட்டுத் தன் சொந்த முகத்தைக் காட்டிய காரியம் அது.

தோழர்களே! நம் நாட்டிலும் பெயரிலேயே முகம் ஒட்டப்பட்டிருக்கிறது. இது என் கற்பனையல்ல. அமெரிக்காவில் பாஸ்டன், சிக்காகோ நகரங்களில் பத்திரிகை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்து, அந்தச் சோதனையை 2004இல் வெளியிட்டார்கள். படிப்பும் அனுபவமும் ஒரே மாதிரி. பெயர் மாத்திரம் வேறு. வெள்ளைக்காரப் பெயருள்ளவனுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு வந்தால், கறுப்பர் பெயருள்ளவன் ஒரு அழைப்புக்குப் பதினைந்து விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. நம் நாட்டில் சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்கிற இருவரும் இதே சோதனையைத் தனியார் கம்பெனிகளின் வேலை விளம்பரங்களுக்குச் செய்து 2007இல் வெளியிட்டார்கள். உயர்ஜாதி என்று தெரியும் பெயருக்கு இருந்த வாய்ப்பில், தலித் என்று தெரியும் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். எல்லோருக்கும் ஒரே பட்டம், ஒரே மார்க்கு! ஆள் நேரில் போகவுமில்லை, வாய் திறக்கவுமில்லை. காகிதத்தின் தலைப்பில் இருந்த இரண்டு வார்த்தையைப் பார்த்தே கழித்துவிட்டார்கள்.

இதற்குத்தான் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடக்கூடாது என்று தீர்மானம் செய்தார்கள். அன்று பலர் அதைக் கேலி செய்தார்கள். பட்டத்தை எடுத்தால் ஜாதி போய்விடுமா என்று கேட்டார்கள். ஜாதி போய்விடவில்லை, ஆனால் இன்று தமிழ்நாட்டு வாலிபன் பெயரைக் காகிதத்தில் பார்க்கிறவனுக்கு, அது என்ன ஜாதி என்பது உடனே தெரிவதில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றுதான் முன்னால் நிற்கிறது. அதனால் தமிழன் வெளியூர் போனால் பாரத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது என்று தவிக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். தவித்தால் தவிக்கட்டும், அந்தத் தவிப்பு இலவசமாய் வந்ததல்ல. (கைதட்டல்).

ஆனால் பாருங்கள், வியாபாரத்தில் இன்னும் இந்தப் பட்டம் போகவில்லை. பலகாரக் கடைக்கு ஒரு ஜாதிப் பட்டம், பிரியாணிக் கடைக்கு ஒரு ஜாதிப் பட்டம். பட்டத்தைப் பார்த்து நம்மவர்கள் ருசியாயிருக்கும் என்று நுழைகிறார்கள். அடுப்படியில் கரண்டி பிடித்து நிற்பவர் எந்த ஊர், எந்த நாடு என்று ஒருவரும் கேட்பதில்லை. (சிரிப்பு). சமைத்தவனுக்குச் சம்பளம், பலகையில் இருக்கும் பட்டத்துக்கு லாபம்! இப்படிச் செய்யாத வேலைக்குப் பிறப்பினால் கிடைக்கிற பெயரைத்தான் இரவல் முத்திரை என்கிறேன்.

சரி, பட்டம் இல்லாமல் பெயர் எடுப்பது எப்படி? இங்கேதான் பழக்க வழக்கம், அறிமுகம் என்கிற சங்கதி வருகிறது. மார்க் கிரானோவெட்டர் என்கிற சமூக ஆராய்ச்சிக்காரர், அமெரிக்காவில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை, “அந்தத் தெரிந்தவரை எத்தனை தடவை பார்ப்பீர்?” என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் ஐம்பத்தாறு பேர். வருஷத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் என்று சொன்னவர்கள் இருபத்தெட்டு பேர். இதற்குக் காரணம் சாதாரணமானது. நெருங்கின சிநேகிதனுக்குத் தெரிந்த சங்கதி நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தூரத்துப் பழக்கக்காரனுக்குத்தான் நமக்குத் தெரியாத இடம் தெரியும். லிங்க்டின் என்கிற வேலைக்கான வலைத்தளத்தில் சுமார் இரண்டு கோடிப் பேரை வைத்து ஐந்து வருஷம் சோதித்து, 2022இல் வெளியிட்ட முடிவும் பெரும்பாலும் இதை ஒட்டியே வந்தது. (அந்த இரண்டு கோடிப் பேருக்கும் தாங்கள் சோதிக்கப்படுவது தெரியாது என்பது வேறு விஷயம்).

இப்போது யோசியுங்கள். அக்கிரகாரத்துப் பையனுக்குத் தூரத்துப் பழக்கக்காரர் என்றால் டில்லியில் ஒருவர், பம்பாயில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர். சேரிப் பையனுக்குத் தூரத்துப் பழக்கக்காரர் என்றால் அடுத்த ஊர்ச் சேரியில் ஒருவர். புத்தி இருவருக்கும் ஒன்றாயிருந்தாலும், அந்தப் புத்தி இருப்பது யார் காதில் விழுகிறது என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

இதற்கு நம் நாட்டு உதாரணம் ஒன்று சொல்லுகிறேன். கணித மேதை ராமானுஜனை எல்லோருக்கும் தெரியும். கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர். சென்னைத் துறைமுகக் கணக்கு ஆபீசில் குமாஸ்தா. 1913 ஜனவரி 16ந் தேதியிட்டு கேம்பிரிட்ஜில் ஹார்டி என்கிற பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிற ஒவ்வொருவரும் படிக்கத் தக்கது. தான் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்றும், சர்வகலாசாலைப் படிப்பு இல்லையென்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். ‘ஆர்வமிக்கவன், கடும் உழைப்பாளி, தலைமைக் குணமுள்ளவன்’ என்கிற இந்தக் காலத்து அலங்கார வார்த்தை ஒன்றும் அதில் கிடையாது. கூடவே தாம் கண்டுபிடித்த கணக்குச் சூத்திரங்களை, சுமார் 120ஐ, தாள் தாளாக வைத்து அனுப்பினார். அதற்குமுன் வேறு பேராசிரியர்களுக்கு எழுதியும் பலனில்லாமற் போயிருந்தது. ஹார்டி முதலில் இது ஏதோ பித்தலாட்டமோ என்று நினைத்தார். பிறகு சகபாடியான லிட்டில்வுட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு இராத்திரி உட்கார்ந்து பார்த்தார். சில அவருக்குத் தெரிந்தவை. சில கஷ்டப்பட்டு நிரூபிக்கக்கூடியவை. சில அவரையே தோற்கடித்தவை. பொய்யாகப் புனைய வேண்டுமென்றால் அதற்கு இதைவிடப் பெரிய மூளை வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1914இல் ராமானுஜன் கப்பலேறினார். 1918இல் ராயல் சொசைட்டியில் அங்கத்தினரானார்.

நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னதாக ராமானுஜன் சொல்லுவதுண்டு. அவர் நம்பிக்கை அவருக்கு. கடிதத்திலே தாயாரை அவர் சாட்சியாகப் போடவில்லை; ஹார்டியோ கடவுள் நம்பிக்கையே இல்லாதவர். தாளில் இருந்த கணக்குத்தான் கேம்பிரிட்ஜ் கதவைத் திறந்தது. (கைதட்டல்).

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லாமல் விட்டால் யோக்கியமாகாது. ராமானுஜன் துறைமுகக் குமாஸ்தா உத்தியோகத்துக்கு வந்ததெப்படி? நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு டிப்டி கலெக்டர் ராமசாமி ஐயரிடம் போனார். அவர் இந்தியக் கணிதச் சங்கத்தை ஸ்தாபித்தவர். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு சிலரிடம் போய், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் வந்து சேர்ந்தார். அவர் கொஞ்ச காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். ராமானுஜன் வறுமை உண்மையான வறுமை. அவர் மூளை உண்மையான மூளை. ஆனாலும், அந்த நோட்டுப் புத்தகத்தோடு போய் நிற்க, “உள்ளே வா” என்று சொல்லக்கூடிய வீடுகள் வரிசையாக அவருக்கு இருந்தன. அதே 1910ஆம் வருஷத்தில் ஒரு பறையர் வீட்டுப் பையன் அதே மாதிரி நோட்டை எடுத்துக்கொண்டு எந்த டிப்டி கலெக்டர் வீட்டுத் திண்ணையில் ஏறியிருக்க முடியும்? நோட்டில் எழுத அவனைப் பள்ளிக்கூடத்தில் உட்கார விட்டார்களா என்பதே முதல் கேள்வி. எத்தனை ராமானுஜன்கள் திண்ணைக்குக் கீழேயே நின்று செத்தார்கள் என்பதற்குக் கணக்கு எந்தப் பேராசிரியரிடத்திலும் கிடையாது.

ஆகவே இன்றைக்குச் செல்போனும் வலைத்தளமும் வந்திருப்பதை நான் ஏன் வரவேற்கிறேன் என்பது உங்களுக்கு விளங்கும். திண்ணை ஏறாமலே நோட்டைக் காட்டலாம். கம்ப்யூட்டர் எழுதத் தெரிந்த பையன், தான் எழுதியதை நாலு பேர் பார்க்க வைக்கலாம். அதைப் பார்க்கிறவன் நம் தெருவைப் பார்ப்பதில்லை. இது சாமானிய லாபமல்ல.

இனி, முன்னே சொல்லுகிறேன் என்று நிறுத்தி வைத்த கேலிக்கு வருகிறேன். மனிதன் தன்னையே ஒரு பிராண்டாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று இந்தக் காலத்தில் பெரிய அளவில் பரப்பியது, டாம் பீட்டர்ஸ் என்கிற அமெரிக்க நிர்வாக ஆலோசகர் 1997இல் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரை. நீ வேலைக்காரனல்ல, உன் பெயரே ஒரு கம்பெனி, அதற்கு நீயே முதலாளி என்கிற மாதிரி எழுதினார். கேட்பதற்கு எவ்வளவு இனிப்பாயிருக்கிறது! ஆனால் அது எப்பேர்ப்பட்ட சமயத்தில் எழுதப்பட்டது? ஆயுள் முழுவதும் உத்தியோகம் நிச்சயம் என்று பேர் வாங்கியிருந்த ஐ.பி.எம். கம்பெனியே 1993இல் பல்லாயிரக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பிச் சில வருஷம் ஆன சமயம். முதலாளி, “இனி உன் பொறுப்பு எனக்கில்லை” என்று கைகழுவினான். உடனே உபதேசி வந்து, “நீயே முதலாளி, கவலைப்படாதே” என்றார். கைகழுவப்பட்டவனுக்கு இது ஆறுதலா, அல்லது “வேலை போனது உன் முத்திரை சரியில்லாததால்தான்” என்கிற பழியா? முன்பு “உன் தலையெழுத்து” என்றார்கள். இப்போது “உன் பிராண்டு” என்கிறார்கள். இரண்டிலும் கம்பெனிக்காரனை யாரும் கேள்வி கேட்பதில்லை. நீங்கள் எவ்வளவு பெயர் எடுத்தாலும், தொழிற்சங்கச் சந்தாவை நிறுத்திவிடாதீர்கள். ஒரு பிராண்டு இன்னொரு பிராண்டுக்காக வேலைநிறுத்தம் செய்ததாகச் சரித்திரமில்லை. (சிரிப்பு, கைதட்டல்).

முத்திரை மாத்திரம் இருந்து சரக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். எலிசபெத் ஹோம்ஸ் என்கிற அம்மையார் 2003இல், பத்தொன்பதாவது வயதில், கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு ஒரு கம்பெனி ஆரம்பித்தார். விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் எத்தனையோ பரிசோதனை செய்துவிடலாம் என்றார். ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸைப் போலக் கழுத்து மூடிய கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டார். மாஜி மந்திரிகளான ஷுல்ட்ஸையும் கிஸ்ஸிங்கரையும் நிர்வாக சபையில் உட்கார வைத்தார். ரத்தத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. 2014 வாக்கில் கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். 2015 அக்டோபரில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகை உள்ளே புகுந்து பார்த்தால், யந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை. 2018இல் கம்பெனி மூடப்பட்டது. 2022இல் அம்மையார் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாகத் தண்டிக்கப்பட்டு, பதினோரு வருஷத்துக்கு மேல் சிறைவாசம் விதிக்கப்பட்டார். ஃபிராங்ளின் வண்டியில் காகிதம் இருந்தது. இந்த வண்டியில் ஒன்றுமில்லை. ஆனால் தள்ளிய அழகைப் பார்த்துப் பெரிய பெரிய பணக்காரர்களெல்லாம் ஏமாந்தார்கள். சாமியாரிடம் ஏமாறுகிற நம்மூர்ப் பாமரனை மாத்திரம் இனிமேல் யாரும் கேலி செய்யக்கூடாது.

கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன. நேரமாகிவிட்டபடியால் இரண்டுக்கு மாத்திரம் பதில் சொல்லுகிறேன்.

ஒரு அம்மையார், “ஆண் தன் வேலையைப் பற்றிச் சொன்னால் கெட்டிக்காரன் என்கிறார்கள்; நாங்கள் சொன்னால் வாயாடி என்கிறார்களே” என்று கேட்டிருக்கிறார். உண்மைதான். அமெரிக்காவில் பெரிய சங்கீதக் குழுக்கள் ஐந்தில், 1970இல் பெண்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. பிறகு வாசிக்கிறவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, நடக்கும்போது செருப்புச் சத்தத்தால் பெண் என்று தெரியாமலிருக்கக் கம்பளம்கூட விரித்து, வாத்தியத்தின் ஒலியை மாத்திரம் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பரவிற்று. 1990களில் நூற்றுக்கு இருபத்தைந்து அளவு வந்தது. திரை ஒன்றே காரணமல்ல; ஆனாலும் ஆளைப் பார்க்காமல் வேலையைப் பார்க்க வைப்பது எங்கெங்கே முடியுமோ அங்கெல்லாம் பெண்களுக்கு லாபம் என்பது தெரிகிறது. ஆகையால் அம்மா, வாயாடி என்கிறவன் முன்னால் வார்த்தையைக் குறைத்து, செய்த வேலையின் கணக்கை எழுத்தில் வையுங்கள். தேதி போட்டு வையுங்கள். உங்கள் வேலையைத் தன் வேலையாக மேலதிகாரியிடம் சொல்லிக்கொள்கிற ஆண்பிள்ளைகள் எல்லா ஆபீசிலும் இருக்கிறார்கள். தேதி போட்ட காகிதம் இருந்தால் அவர்களுக்கு வாய் கொஞ்சம் குறையும்.

இன்னொருவர், தான் கொத்தனார் என்றும், எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை என்றும், இங்கிலீஷ் தெரியாதென்றும், தனக்கு இதில் என்ன இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். தோழரே, உமக்குத்தான் இதில் அதிகம் இருக்கிறது. நீர் கட்டின வீட்டின் வாசலில் இன்ஜினீயர் பெயர் பலகையில் இருக்கிறது. மேஸ்திரி பெயர்கூட ஊருக்குத் தெரியும். உமது பெயர் எங்கேயுமில்லை. உம்மிடம் செல்போன் இருக்கிறதல்லவா? பூச்சு வேலைக்குமுன் செங்கல் வரிசை நேராயிருக்கிறதா என்று தெரியும்படி ஒரு படம் எடும். முடிந்தபின் ஒரு படம் எடும். எத்தனை நாள், எத்தனை மூட்டை சிமெண்டு, மழையில் ஒழுகிற்றா இல்லையா என்று தமிழிலேயே கீழே எழுதும். வீட்டுக்காரர் திருப்திப்பட்டால் அவர் வாயால் இரண்டு வார்த்தை பேசச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளும். அடுத்த வேலைக்கு ஆள் கேட்டு வருகிறவரிடம் நீர் எந்தத் தெரு என்று அவர் கேட்குமுன் இந்தப் படத்தைக் காட்டும். கூலியையும் மேஸ்திரி சொல்லும் வரை காத்திராமல், முதலில் நீரே சொல்லும்.